கரண்ட் போய் வந்தால் இரவு அப்லோடு நின்றுவிடுகிறது, உதவுங்கள்

மதுரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. அன்றன்றைய படங்களை இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) மூலம் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) ஓட்டி, எஸ்எஸ்எச் (மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக எங்கள் வெப் சர்வருக்கு ஏற்றுகிறோம். உபுண்டு 22.04, சர்வரில் நுழைய, பாஸ்ஃபிரேஸ் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) போட்ட இடி25519 வகைச் சாவிக் கோப்பு.

கையால் ஓட்டினால் ஒழுங்காக ஏறுகிறது. மின்வெட்டில் கணினி ரீஸ்டார்ட் ஆன இரவுகளில் மட்டும் லாகில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வருகிறது. காலையில் யாராவது பாஸ்ஃபிரேஸ் அடிக்கும்வரை ஒரு படமும் போகாது.

கிரானுக்கு எஸ்எஸ்எச் ஏஜென்ட் (திறந்த சாவியை நினைவகத்தில் வைத்திருக்கும் நிரல்) தெரியவில்லை போல என்று அதைத் தொடர்புகொள்ளும் சாக்கெட் பாதையை ஸ்கிரிப்டில் கொடுத்தேன். அப்புறம் அந்த ஏஜென்டை நிர்வகிக்கும் கீசெயின் நிறுவினேன். இரண்டும் அடுத்த ரீஸ்டார்ட் வரைதான். கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றியும் அதே நிலை. பழையபடி எஃப்டிபி போடச் சொல்கிறார்கள். அதில் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே மறையாக்கம் இல்லாமல் போகும். மற்றவர்களின் குடும்பப் படங்களை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை.

மிச்சமிருப்பது பாஸ்ஃபிரேஸ் இல்லாத தனிச் சாவி. ஆனால் அந்தக் கணினியைப் பலர் தொடுகிறார்கள். சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் (அனுமதித்த சாவிகளின் பட்டியல்) அந்தச் சாவியை ஆர்ஆர்சிங்க் (ஆர்சிங்க்கை ஒரு ஃபோல்டருக்குள் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்) கொண்டு ஒரே ஃபோல்டரில் எழுத மட்டும் அனுமதித்தால், சாவி திருடு போனாலும் மற்ற கோப்புகள் பத்திரமாக இருக்குமா?