படமே எடுக்காம நியூட்ரான் ஸ்டாரோட சைஸ் எப்படி தெரியுது?

முகிலன்_எம்எஸ்சி:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருக்கற நைசர் டெலஸ்கோப்ப வச்சு ஜே0030+0451ங்கற பல்சரோட (வெடிச்ச பெரிய நட்சத்திரத்தோட மிச்சமா வேகமா சுத்தற நியூட்ரான் ஸ்டார்) ஆரம் சுமார் 13 கிமீன்னு கண்டுபிடிச்சாங்களாமே. 1,100 ஒளியாண்டு தள்ளி இருக்கு, நைசர் படமும் எடுக்காது, அப்புறம் எப்படிங்க அளக்கறாங்க? ஒயிட் ட்வார்ஃபுக்கும் (சூரியன மாதிரி நட்சத்திரம் எரிஞ்சு முடிஞ்சு மிஞ்சற அடர்த்தியான கரு) இதே டெக்னிக்தானா?

வானோக்கி:
தம்பி, நைசர் எக்ஸ்ரே ஃபோட்டான் ஒவ்வொண்ணும் வந்து சேர்ற நேரத்த 300 நானோசெகண்டுக்குள்ள துல்லியமா குறிக்கும், அதுதான் அதோட பலம். இந்த பல்சர் செகண்டுக்கு 205 தடவ சுத்துது, மேற்பரப்புல பயங்கர சூடான திட்டுக்கள் இருக்கு, அது சுத்த சுத்த வெளிச்சம் ஏறி இறங்கும். ஈர்ப்பு ஒளிய வளைக்கறதால பின்பக்கம் போன திட்டோட வெளிச்சமும் நமக்கு வந்துரும், அதே நிறைக்கு ஆரம் சின்னதா இருந்தா வளைவு ஜாஸ்தி, ஏத்த இறக்கம் கம்மி. ஆரம் பெருசுன்னா மேற்பரப்பு ஓடற வேகம் ஜாஸ்தி, டாப்ளரால (நம்ம பக்கம் வர்ற வெளிச்சம் கூடுதலாவும் விலகிப் போறது கம்மியாவும் தெரியறது) அந்த வெளிச்ச ஏத்த இறக்கத்தோட கர்வ் ஷேப் மாறும். அந்த ஷேப்ப மாடலோட பொருத்தித்தான் நிறையும் ஆரமும் எடுக்கறாங்க. 2019 டிசம்பர்ல ரெண்டு டீம் தனித்தனியா பண்ணி ஆரம் 12.7, 13.0 கிமீன்னு கிட்டத்தட்ட ஒரே விடை சொன்னாங்க.

ஆரத்த விட என்னை அசத்துனது அந்த திட்டுக்கள் இருந்த இடம். பாடப்புத்தகத்துல ரெண்டு துருவத்துலயும் எதிரெதிரா வரைஞ்சிருப்பாங்க, இங்க எல்லாமே தெற்குப் பாதியில, அதுல ஒண்ணு பிறை மாதிரி நீண்டு கெடக்கு!

தாரகை:
ஒண்ணு சேத்துக்கறேன், 13ன்னு அடிச்சு சொல்லிட முடியாது. 2024ல மறுபடி ஆராய்ஞ்சப்ப திட்டோட வடிவத்த எப்படி எடுத்துக்கறோம்ங்கறத பொறுத்து 11.7, 14.4 கிமீன்னு ரெண்டு விடை வந்துச்சு. ஜே0740+6620ங்கற இன்னொரு பல்சர் இன்னும் முக்கியம்னு நான் நினைக்கிறேன், சூரியன மாதிரி 2.08 மடங்கு நிறை இருந்தும் ஆரம் பெருசா சுருங்கல, அப்ப உள்ள இருக்கற பொருள் ஈர்ப்போட அமுக்கத்த நல்லா எதிர்த்து நிக்குதுன்னு அர்த்தம்.

ஒயிட் ட்வார்ஃபுக்கு வேற வழி. ஏஎம் ஹெர்குலிஸ் மாதிரி ஜோடிகள்ல பக்கத்து நட்சத்திரத்தோட வாயு காந்தப்புலம் வழியா செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கிமீ வேகத்துல வந்து விழும், மேற்பரப்புக்கு மேல அதிர்ச்சி அலை உண்டாகி கோடிக்கணக்கான டிகிரிக்கு சூடாகும். அந்த வெப்பநிலை ஈர்ப்ப பொறுத்தது, ஸ்பெக்ட்ரம்ல அத அளந்தா நிறை கிடைச்சிரும். வாயு வந்து விழாம வெறும் சூட்டாலயே எக்ஸ்ரேல தெரியற ஒயிட் ட்வார்ஃபும் உண்டு, சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் எடுத்த சிரியஸ் படத்த பாருங்க, நம்ம கண்ணுக்கு ஜொலிக்கற சிரியஸ் ஏ மங்கலா இருக்கும், 25,000 டிகிரி சூட்டுல இருக்கற குட்டி ஒயிட் ட்வார்ஃப் சிரியஸ் பிதான் பளிச்சுனு இருக்கும்.

முகிலன்_எம்எஸ்சி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டேட்டா நாமளே எடுத்து பாக்கலாமா?

வானோக்கி:
தாராளமா, நாசாவோட ஹீசார்க்ங்கற டேட்டா தளத்துல இலவசம்தான். மொதல்ல க்ராப் பல்சர எடுங்க, 33 மில்லிசெகண்டுக்கு ஒரு சுத்து, நல்ல பிரகாசம். பேரிகார்ங்கற ப்ரோக்ராம் போட்டு நேரத்த சூரியக்குடும்ப மையத்துக்கு திருத்திட்டு ஈஃபோல்ட்ங்கற ப்ரோக்ராம்ல மடிங்க (ஒவ்வொரு சுத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறது), ஒரு சுத்துக்கு ஆகற காலம் மட்டும் ஜோட்ரல் பேங்க் ரேடியோ ஆய்வகம் மாசாமாசம் வெளியிடறதுல இருந்து எடுத்துக்கங்க, ஏன்னா அந்த பல்சர் சுத்தறது தினமும் கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகிட்டே இருக்கு. ப்ளாட் வந்ததும் இங்கயே போடுங்க.