ஒன்பது மாதச் சிப்பிப்பாறைக்குத் துணையாக இன்னொரு நாய் வாங்கலாமா?

வைகைக்கரை:

வணக்கம். எங்களிடம் ஒன்பது மாதச் சிப்பிப்பாறைக் கடுவன் இருக்கிறான். எடை 17 கிலோ. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, கருத்தடை செய்யவில்லை. மதுரையில் தனி வீடு, காம்பவுண்டுச் சுவர் ஐந்தரை அடி, பின்பக்கம் சின்னத் தோட்டம். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அவன் தனியாகத்தான் இருக்க வேண்டும். காலையும் இரவும் இருபது இருபது நிமிடம் தெருவில் நடை.

இரண்டு மாதமாகத் தோட்டத்தில் பள்ளம் பறிக்கிறான், செருப்பு, கால்மிதி எதையும் விடுவதில்லை. பகலில் ஊளையிடுகிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். துணை இருந்தால் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். இவனை வாங்கிய இடத்திலேயே 45 நாள் பெட்டைக் குட்டி ஒன்று இருக்கிறது. அப்பன் ஒன்று, தாய் வேறு. இன்னொரு வழி, எங்கள் தெருவிலேயே வளரும் இரண்டு வயதுப் பெட்டை நாட்டு நாய். சாதுவானது, காதில் வெட்டு அடையாளம் இருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எதை? எப்படிப் பழக்குவது?

மேய்ச்சல்நிலம்:

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செல்போன் ஒன்றை ஹாலில் வையுங்கள், இன்னொன்றைத் தோட்டம் தெரிகிற மாதிரி ஜன்னலில் வையுங்கள். நீங்கள் கதவைப் பூட்டுவதிலிருந்து ரெக்கார்ட் ஆகட்டும். மூன்று வேலை நாள் பார்த்தால் போதும். தனியாக இருக்கும் நாய் வீட்டை நாசம் செய்ய இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. மாலையில் வந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது, பிரிவுப் பதற்றம். நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். வாயில் எச்சில் ஒழுகும், மூச்சு வாங்கும், முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் வெளியேறிய கதவையும் ஜன்னல் சட்டத்தையுமே சுரண்டும். ஆட்டுக்கறி வைத்துவிட்டுப் போனாலும் தொடாது. வெளியில் போகப் பழகிய நாய்கூட வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிடும். இது மனிதர் இல்லாததால் வரும் பயம். இன்னொரு நாய் பக்கத்தில் இருந்தாலும் பெரும்பாலும் இது தீராது. பல வீடுகளில் புதிய நாயும் சேர்ந்து ஊளையிட ஆரம்பிப்பதுதான் நடக்கிறது.

இரண்டாவது, வெறும் சலிப்பு. நீங்கள் போனதும் படுத்துத் தூங்கிவிடும். பத்து, பதினொரு மணிக்கு எழுந்து, வைத்ததைத் தின்றுவிட்டு, வேலை தேடி அலையும். மண்ணைப் பறிக்கும், கேட்டைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் அந்த நாற்பது நிமிட நடை. முயலைப் பார்த்து விரட்டிப் பிடிக்கவென்றே வளர்த்தெடுத்த இனம் இது. வார் பிடித்துத் தார் ரோட்டில் நடப்பது அதன் உடம்புக்கு ஒரு வேலையே இல்லை.

காலை நடையை நாற்பது நிமிடமாக்குங்கள். பாதி நேரம் 10 மீட்டர் கயிற்றில், அது நின்று முகர்கிற இடத்தில் எல்லாம் நீங்களும் நில்லுங்கள். முகர்வது நாயின் மூளைக்கு நல்ல வேலை. கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், மார்பு வாரில் மாட்டுங்கள். இந்த வேகத்தில் ஓடிக் கயிறு இழுத்து நின்றால் கழுத்து அடிபடும். மாலையில் ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சியில் கயிறு கட்டி, நுனியில் பழைய துணியை முடிந்து தரையோடு இழுத்து ஓட விடுங்கள். ஐந்து நிமிடம், ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். துணியைத் தூக்கித் தாண்ட விட வேண்டாம், எலும்பின் வளர்தட்டுகள் (எலும்பு நுனியில் வளர்ச்சி நடக்கும் மென்பகுதி) மூடவே ஒரு வயதுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் "விடு" சொல்லி, விட்டதும் ஒரு துண்டு கறி கொடுங்கள். ஓட்டத்தோடு பாடமும் முடிந்துவிடும்.

காலைச் சாப்பாட்டைத் தட்டில் போடாதீர்கள். கால்வாசியை வீட்டுக்குள் இருபது இடத்தில் ஒளித்து வையுங்கள், மீதியை உள்ளீடற்ற ரப்பர் பொம்மைக்குள் தயிரோடு அடைத்து இரவே ஃப்ரீசரில் வைத்துக் கிளம்பும்போது கொடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மதியம் ஒருமுறை யாராவது வந்து பதினைந்து நிமிடம் வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். ஒன்பது மணி நேரம் தனியாக விடுவது இந்த வயதுக்கு அதிகம்.

ஆறு வாரம் இதை ஒழுங்காகச் செய்துவிட்டு மறுபடி வீடியோ எடுங்கள். அதன் பிறகு துணையைப் பற்றிப் பேசலாம்.

ஊசிமருந்து:

அந்த 45 நாள் குட்டியை எடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் குட்டி தன் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்கிறது. அங்கே கற்காததை உங்கள் கடுவனிடம் கற்கவேண்டி வரும். அவனே இன்னும் விடலைப் பருவம்.

அடுத்தது தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி 16 வாரத்தில் அல்லது அதற்குப் பின். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால்தான் இத்தனை முறை போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். இது முடியும்வரை குட்டிக்குப் பார்வோ பயம் உண்டு; வாந்தியும் ரத்தப் பேதியுமாக வந்து குட்டியைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய் அது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பலன் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை. ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டும் இணைந்தால் பிறக்கும் குட்டிகளின் உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவது) அளவு 12.5 சதவீதம். ஏற்கெனவே சிறிய வட்டத்துக்குள் சுழலும் நாட்டு இனத்துக்கு இது நல்லதில்லை. பெட்டை ஆறு மாதத்திலேயே முதல் பருவத்துக்கு வரக்கூடும். மூன்று வாரம் முழுக்கப் பிரித்து வைக்க வேண்டும், அதுவும் இரண்டு கதவு இடைவெளியில். ஒரு கதவு திறந்த ஒரு நிமிடம் போதும், 63 நாளில் குட்டிகள். கடுவனுக்கு ஆபரேஷன் செய்துவிட்டால் அன்றே கவலை விட்டது என்று நினைக்காதீர்கள். ஆறு வாரம் வரை கரு உண்டாக்கும் திறன் மிச்சமிருக்கலாம்.

கருத்தடைக்குப் போகும்போது இது வேட்டை இனம், கொழுப்பில்லாத உடம்பு என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தையோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளை இந்த உடல்வாகு மெதுவாகத்தான் வெளியேற்றும். எழுவதற்கு நெடுநேரம் ஆகும், உடல் சூடும் சீக்கிரம் இறங்கும். வேறு மருந்துகள் இருக்கின்றன. இந்த இனத்துக்குக் கடுவனாக இருந்தால் ஒரு வயது தாண்டிய பின் செய்வது எலும்பு வளர்ச்சிக்கு நல்லது.

வைகைக்கரை:

வீடியோ பார்த்தோம். நாங்கள் போனதும் சோபாவில் படுத்துத் தூங்குகிறான். பதினொன்றரைக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறான். தெரு நாய்கள் கேட் பக்கம் வரும்போதுதான் ஊளை. வைத்ததை எல்லாம் சாப்பிடுகிறான். அப்படியானால் சலிப்புதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மாற்றங்களை ஆரம்பிக்கிறோம். குட்டி வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டோம். அந்தத் தெருப் பெட்டையைப் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். எப்போது, எப்படி?

கரிசல்காடு:

எப்போது என்றால், உங்கள் கடுவனுக்கு ஒன்றரை வயது ஆன பிறகு. அதற்குள் அவன் நான்கு விஷயங்களில் தேறியிருக்க வேண்டும். வேறு நாய் கண்ணில் பட்டாலும் கூப்பிட்டால் வர வேண்டும். வாயில் இருப்பதைச் சொன்னதும் விட வேண்டும். தெரு நாய்களைத் தாண்டி வாரைத் தளர்வாக வைத்து நடக்க வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தனி அறையில் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இவை இல்லாமல் இரண்டாவது நாய் வந்தால் அடுத்த நாளிலிருந்து அவன் காதில் உங்கள் குரல் விழாது. இரண்டும் ஒன்றையொன்று மட்டுமே பார்த்துக்கொண்டு திரியும்.

பெட்டை, வளர்ந்தது, காதில் வெட்டு இருப்பதால் கருத்தடை ஆனது: மூன்றும் உங்களுக்குச் சாதகம். ஒரே பால் நாய்களைவிட ஆணும் பெண்ணும் ஒத்துப்போவது எளிது. இரண்டு பெட்டைகளுக்குள் மூளும் பகைதான் ஆறுவதற்குக் கடினம். குணமும் இப்போதே தெரிந்துவிட்டது, குட்டியில் அது சீட்டாட்டம்தான். ஆனால் யாராவது சோறு வைத்து வளர்க்கிற நாயா என்று தெருவில் விசாரியுங்கள். பிறகு அது வீட்டுக்குள் அடைபட்டு இருக்க விரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். கேட்டைத் திறந்து வைத்து உள்ளே சாப்பாடு வையுங்கள். தின்றுவிட்டு நிழலில் படுத்தால் நல்ல அறிகுறி. தின்றதும் வெளியே ஓடினால் அதற்குத் தெருதான் வீடு. அதை அங்கேயே வைத்துப் பராமரிப்பதில் தப்பில்லை.

உள்ளே எடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை, ரேபிஸ் உள்பட எல்லாத் தடுப்பூசி, குடற்புழு மருந்து. உண்ணி விஷயத்தில் அசட்டை கூடாது. நம் ஊரில் எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்த நோய்கள் இரண்டும் உண்ணியால் வருகிறவை. உண்ணி நாய் மேல் முட்டை இடாது, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் இடும். ஆகவே இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ கொடுத்து, சுவர் இடுக்கையும் கவனிக்க வேண்டும். முதல் 14 நாள் தனி இடம், தனித் தட்டு, தனித் தண்ணீர்.

அந்தப் பதினான்கு நாளில் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். இவள் படுத்த சாக்கு அவனிடம், அவனுடையது இவளிடம். முகர்ந்துவிட்டு விலகிப் போனால் அடுத்த கட்டம். வீட்டுக்கு வெளியே, இருவருக்கும் சொந்தமில்லாத மைதானத்தில், ஆளுக்கு ஒரு நாயாக ஆறு மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். நேருக்கு நேர் கொண்டுவராதீர்கள். இழுத்துப் பிடித்த வாரில் முகத்துக்கு முகம் நிற்க வைப்பதுதான் பல சண்டைகளுக்கு ஆரம்பம். நடை தளர்ந்த பிறகு இடைவெளியைக் குறையுங்கள், பின்பக்கத்தை மூன்று விநாடி முகர விடுங்கள், கூப்பிட்டுப் பிரியுங்கள். இது சில நாள் நடக்கட்டும், பிறகு வீட்டுக்கு இரண்டும் ஒன்றாக நடந்தே நுழையட்டும்.

முன்கால் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட்டு. ஓடுவதும் விரட்டுவதும் மாறி மாறி நடந்தால் விளையாட்டு. சந்தேகமாக இருந்தால் விரட்டுகிற நாயைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அது திரும்பி வந்தால் அதற்கும் பிடித்திருக்கிறது. தட்டின் முன்னால் நடப்பதையும் பாருங்கள். சாப்பாட்டைக் காக்கிற நாயென்றால் மெல்லுவது சட்டென்று நிற்கும், தலை தட்டின் மேலேயே இருக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும். உறுமல் அதற்குப் பிறகுதான். அந்த வெள்ளையைப் பார்த்தவுடனே மற்ற நாயைக் கூப்பிட்டு அப்புறப்படுத்துங்கள். உறுமியதற்காக அதட்டாதீர்கள், அதட்டினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். சாப்பாடு எப்போதும் வேறு வேறு அறையில், கதவு சாத்தி. எலும்பும் பொம்மையும் முதல் ஒரு மாதம் பொது இடத்தில் கிடக்கவே கூடாது. நீங்கள் வெளியே போகும்போதும் தனித்தனி அறைதான்; இதைக் குறைந்தது ஒரு மாதமாவது செய்யுங்கள்.

மேய்ச்சல்நிலம்:

கரிசல்காடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சண்டை பிடித்துவிட்டால் கையை நடுவில் விடாதீர்கள், கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போனால் கடி உங்களுக்குத்தான். ஒரு வாளித் தண்ணீர், அல்லது நடுவில் ஒரு பலகை, நாற்காலி. விடவில்லை என்றால் இருவர் சேர்ந்து ஆளுக்கு ஒன்றின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். சிப்பிப்பாறையின் தோல் மெல்லியது, விளையாட்டுக் கடியிலேயே கிழியும். சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே பை மாதிரி பிரிந்திருக்கும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சுவரையும் ஆறரை அடிக்கு உயர்த்துங்கள். ஐந்தரை அடி இவனுக்கு ஒரு தாவல்.

ஊசிமருந்து:

செலவையும் கணக்குப் போடுங்கள். 18 கிலோ எடையில் கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 1000 கலோரி. 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள உலர் தீவனமானால் 285 கிராம், மாதத்துக்கு எட்டரைக் கிலோ. சோறும் கோழியும் என்றால் காய்கறி, கால்சியம் சேர்த்து அளந்து கொடுக்க வேண்டும். இதன் மேல் ஆண்டுத் தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு மருந்து எல்லாம் இரண்டு மடங்கு. வெளியூர் போனால் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொள்கிறவர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒன்றைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டென்றால் தயங்குவார்கள்.

கரிசல்காடு:

துணையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒத்துப்போகிற இரண்டு நாய்கள் ஒன்றை ஒன்று விரட்டி ஓடும் ஓட்டத்தை எந்த மனிதரும் ஈடுகட்ட முடியாது. ஓடுவதற்கென்றே பிறந்த இந்த இனத்துக்கு அது பெரிய சந்தோஷம். நான் பார்ப்பது ஒன்றுதான்: ஆறு வார மாற்றத்துக்குப் பிறகு பகல் நேர வீடியோவில் அவன் அமைதியாகிவிட்டான் என்று வையுங்கள். அப்போதும் உங்கள் இருவருக்கும் இன்னொரு நாயைப் பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்க்க ஆசை இருந்தால், அந்தப் பெட்டையை எடுங்கள். அமைதியான பிறகு அந்த ஆசை குறைந்துபோனால் எடுக்க வேண்டாம், தெருவிலேயே அதற்குச் சோறும் ஆண்டுக்கு ஒரு ரேபிஸ் ஊசியும் கொடுத்து வாருங்கள்.