இக்காமா முடிந்துவிட்டது, கபீல் புதுப்பிக்கவில்லை: ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

கருங்கல் அக்கா:
என் தம்பி சவுதியில், தமாமில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்கிறான். இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வாரம்’ என்கிறாராம் கபீல், அதாவது அவனுக்குப் பொறுப்பான முதலாளி. மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமும் இல்லை. வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. சோதனையில் பிடிபடுவோமோ என்ற பயத்தில் வெள்ளிக்கிழமைகூட வெளியே போவதில்லை; வீடியோ அழைப்பில் அவனுக்குப் பின்னால் எப்போதும் அதே அடுக்குக் கட்டில், அதன் கம்பியில் காயும் அதே நீலத் துண்டு. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட், ஒரு லட்சம் தந்தால் ‘உள்ளே ஆள் வைத்து’ ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். கொடுக்கலாமா?

தக்கலைக்காரர்:
தங்கச்சி, அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சவுதியிலேயே ஜுபைலில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். நகையும் போய், ஆளும் வராமல் தவித்த குடும்பங்களை இங்கேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் இக்காமாவில் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது, பாருங்கள். 2021 மார்ச் 14 முதல், தனியார் நிறுவனத் தொழிலாளி இக்காமா காலாவதியானாலோ தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டாலோ கபீலின் சம்மதம் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். புதிய நிறுவனம் ‘கிவா’ என்ற சவுதி அரசின் தொழிலாளர் இணையதளத்தில் கோரிக்கை அனுப்பும். தம்பி அதை ஏற்க வேண்டும். வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் விசாக்களுக்கு இது பொருந்தாது. அதனால்தான் தொழிலைக் கேட்கிறேன்.

இக்காமா, வேலை அனுமதி இரண்டின் கட்டணமும், தாமதத்துக்கான அபராதமும் முதலாளியின் பொறுப்பு. சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ‘பாதியை நீ போடு’ என்று கேட்டால் தம்பி சம்மதிக்கக் கூடாது.

இன்னொன்று, முகாமை விட்டுப் போய் வேறெங்கும் வேலைக்கு நிற்க வேண்டாம். கபீல் ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டான் என்ற புகார்) போட்டுவிட்டால், இத்தனை நாள் சம்பளம் தராத ஆள் வாதியாகிவிடுவார், உங்கள் தம்பி ஓடிப்போனவன் ஆகிவிடுவான்.

வேர்க்கிளம்பி ஆசிரியை:
ஊரிலிருந்தே நீங்கள் செய்யக்கூடியது, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதிவது. குடும்பத்தினரே பதியலாம். பாஸ்போர்ட் நகல், இக்காமா நகல், நிறுவனத்தின் பெயர், கபீலின் கைபேசி எண், தம்பியின் எண் எல்லாம் வேண்டும். என் கணவருக்கு இதே நிலை வந்தபோது, புகார் எண் கிடைத்த பிறகு தூதரகத்திலிருந்து அவரையே நேரடியாக அழைத்து விசாரித்தார்கள். குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுதத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அவர்களுக்குத் தேவை தேதிகள்: இக்காமா முடிந்த நாள், கடைசியாகச் சம்பளம் வந்த நாள். அதே விவரத்தோடு திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள்.

கருங்கல் அக்கா:
இருவருக்கும் நன்றி. தொழில் ‘ஆமில்’ (சாதாரணத் தொழிலாளி) என்றுதான் இருக்கிறது. அம்மாவை நிறுத்திவிட்டேன். ஆனால் தம்பிக்கு வேறு நிறுவனம் வேண்டாம், பிரசவத்துக்கு ஊருக்கு வந்தால் போதும் என்கிறான். வந்துவிட்டால் பாக்கிச் சம்பளம் போய்விடுமா?

தக்கலைக்காரர்:
ஆமில் என்றால் நல்லது, மாறும் வழியும் திறந்தே இருக்கிறது. ஊருக்குத்தான் வர வேண்டுமென்றால், இக்காமா முடிந்தவர்களுக்கு பைனல் எக்ஸிட் (வேலையை முடித்து நாட்டை விட்டுக் கிளம்பும் அனுமதி) பெற இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்கிறார்கள். அதில் உடனே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கிளம்பும் முன் சம்பள வழக்கைப் பதிந்துவிட வேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அதற்கு 21 நாள் அவகாசம். தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும். வந்த பிறகும் நடத்த வேண்டுமென்றால் அங்கே நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தேவை.

மனைவி மாசமாக இருப்பது கபீலுக்குத் தெரிந்தால் அந்த அவசரத்தைத்தான் பிடித்துக்கொள்வார். ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று அரபியில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் நாளைக்கே எக்ஸிட் என்பார்கள். காசு கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்று இரவே தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.