ஆடிப்பட்டத்துக்குள்ள பள்ளிக்கூடத் தோட்டம்: எதுல இருந்து ஆரம்பிக்கலாமுங்க?

வெள்ளகோவில் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நடுநிலைப்பள்ளி, 6, 7 வகுப்பு சேர்த்து 40 பிள்ளைங்க. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி 30 அடிக்கு 20 அடி செம்மண் இடம் சும்மா கிடக்குது. போர் தண்ணி இருக்குது, ஆனா உப்பு. ஆடி பிறக்க இன்னும் ஒரு மாசம்.

என்ன போடலாம், எத்தனை பாத்தி, எவ்வளவு தண்ணி வேணும்? அதைவிட முக்கியமா ஒண்ணு. செடி வளர்க்கறதோட நின்னுடாம, பிள்ளைங்க சாப்பாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கற பாடமா இதை எப்படி ஆக்கறது? பெரும்பாலான வீடுகள்ல தோட்டம், மானாவாரிக் காடு இருக்குது. ஆனாலும் கம்பங்கதிரையும் சோளக்கதிரையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாத பிள்ளைங்கதான் அதிகம்.

களைக்கொத்து:

டீச்சருங்க, பயிரைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேக்காத்து உங்க பக்கம் ஆனி, ஆடி ரெண்டு மாசமும் ஓயாது. காத்தாலைகளை அங்க நட்டு வெச்சதே அதுக்காகத்தான். மொளைச்சு ரெண்டு இலை விட்ட நாத்தை அந்தக் காத்து ஒரே மத்தியானத்துல காயவெச்சுரும். அதனால முதல் வேலையா இந்த வாரமே மேக்கு ஓரத்துல கம்பு மூணு வரிசை போட்டுருங்க. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. ஆடி பிறக்கறப்ப இடுப்பளவு நிக்கும். 30ஆம் நாள் வேர்ப்பக்கம் மண்ணு அணைச்சு விடுங்க, இல்லீன்னா அதுவே சாஞ்சுக்கும்.

சோளமும் மறைப்புக்கு ஆகும். ஆனா இளஞ்சோளத்துல நஞ்சு இருக்குது, தண்ணி இல்லாம வாடி நிக்கறப்ப அது இன்னும் அதிகம். நெருக்கமா இருக்குதுன்னு கலைச்செடுத்த பயிரைப் பிள்ளைங்க ஆட்டுக்குட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டா வம்பு. கம்புல அந்தப் பயமில்லீங்க, கடைசியில தவசமும் (தானியமும்) கையில கெடைக்கும்.

மிச்ச இடத்துல 3 அடி அகலம், 10 அடி நீளத்துல 8 பாத்தி. பாத்திக்கு 5 பிள்ளைங்க. அகலத்தை 3 அடிக்கு மேல விடாதீங்க. பிள்ளைங்க கை ஒரு பக்கமிருந்து ஒன்றரை அடிதான் எட்டும், அதுக்கு மேல போனா பாத்திக்குள்ள கால் வெச்சு மிதிச்சு மண்ணை இறுக்கிருவாங்க. நடைவழி ஒன்றரை அடி.

எரு பாத்திக்கு 15 கிலோ. முதல் வருசம் செம்மண்ணுக்கு அது வேணும், அடுத்த போகத்துக்கு 7 கிலோ போதும். கட்டுத்தரையிலிருந்து அள்ளுன பச்சைச் சாணியை மட்டும் போட்டுராதீங்க. சூடு தாங்காம நாத்து கருகும், வெள்ளைப்புழு வரும், மாடு தின்ன களைவெதை அத்தனையும் மொளைக்கும். கையில எடுத்தா உதிரணும், வாசம் மண்ணு மாதிரி இருக்கணும். அதுதான் மக்குன எரு. தென்னைநார்க் கழிவு சும்மா கெடைக்குதுன்னு மக்காததைக் கொட்டுனாலும் செடி மஞ்சளாப் போயிரும்.

தண்ணி: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர்னு வெச்சுக்கங்க. 8 பாத்தி சேர்ந்து 22 சதுர மீட்டர் சொச்சம், ஆக 110 லிட்டர். 15 லிட்டர் கொடத்துல ஏழரைக் கொடம். இந்தக் கணக்கைப் பிள்ளைங்களே போடட்டும், பரப்பளவுப் பாடம் அங்கேயே முடிஞ்சுரும். காத்து பலமா அடிக்கற நாள்ல ரெண்டு கொடம் கூடுதலா ஊத்தணும்.

முதல் போகத்துக்கு என் யோசனை: சிறுகீரை 2 பாத்தி, அரைக்கீரை 1, பாலக்கீரை 1, கொத்தவரை 2, வெண்டை 1, முள்ளங்கி 1. தக்காளி வேண்டாமுங்க. காத்துல சாயும், நாத்து விட்டு நட்டுக் காய் பறிக்க மூணு மாசம் ஆகும், அதுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஆர்வம் விட்டுப்போகும். சிறுகீரை 25 நாள்ல பிடுங்கலாம். முதல் மாசத்துலேயே ஒண்ணு தட்டுக்கு வந்துரணும்.

கீழ்பவானி:

கீரை வெதைக்கறதுல பள்ளிக்கூடத்துல நடக்கற தப்பு ரெண்டு. வெதையைக் கைநிறைய அள்ளி வீசறது ஒண்ணு. 30 சதுர அடிப் பாத்திக்கு அரை டீஸ்பூன் போதும், அதை ஒரு டம்ளர் காஞ்ச மணல்ல கலந்து தூவுங்க. இன்னொண்ணு, கொடத்தைச் சாய்ச்சு ஊத்தறது. வெதை அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடிப்போய் அங்க மட்டும் பாய் விரிச்ச மாதிரி மொளைக்கும். பழைய தண்ணிப் பாட்டில் மூடியில ஆணியால பத்து ஓட்டை போட்டுக் குடுங்க. இல்லீன்னா மூணு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி அது மேல ஊத்துங்க. மொளைப்பு தெரிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே சாக்கை எடுத்துரணும், ஒரு நாள் தள்ளுனாலும் வெளுத்து நீண்டுரும்.

எறும்பு வெதையைத் தூக்கும். பாத்தி ஓரத்துல கொஞ்சம் ரவை தூவுனா அதுபக்கம் போயிரும்.

வெண்டை வெதையை முதநாள் ராத்திரி ஊறப்போடுங்க. 45ஆம் நாள்ல இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். வெள்ளிக்கெழமை சாயங்காலம் பிஞ்சையும் சேர்த்துப் பறிக்காட்டி திங்கக்கெழமை பாதிக்காய் முத்திக் கெடக்கும். முத்துனதுல ரெண்டு செடியை மட்டும் வெதைக்குனு கயிறு கட்டி விட்டுருங்க. நரம்பு மஞ்சளாத் தெரியற செடி வந்தா யோசிக்காம பிடுங்கிருங்க. அது வெள்ளை ஈ பரப்பற வைரஸ் நோய், மருந்துல தீராது.

உப்புத் தண்ணிக்கு பாலக்கீரையும் பீட்ரூட்டும் தாங்கும். பீன்ஸும் சின்ன வெங்காயமும் தாங்காது. நம்ம ஊருப் பயிராச்சேன்னு வெங்காயம் போட்டு ஏமாந்துராதீங்க.

உணவும் பயிரும்:

சாப்பாட்டுப் பாடம் பற்றி. முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி ‘இது நல்ல சாப்பாடு, இது கெட்ட சாப்பாடு’ என்று வகுப்பில் பிரிக்காதீர்கள். ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் கொண்டுவரும் பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். சோற்றுக்குப் பக்கத்தில் இன்னும் என்ன வைக்கலாம் என்றுதான் பேச்சு போக வேண்டும்.

சத்துணவுத் தட்டையே பாடமாக்குங்கள். கொங்கு நாட்டு வரைபடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்து, தட்டில் இருப்பது எங்கிருந்து வரக்கூடும் என்று ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். முட்டை நாமக்கல், மஞ்சள் ஈரோடு, வெல்லம் கவுந்தப்பாடி, தேங்காய் பொள்ளாச்சி, முருங்கை மூலனூர். நெல்லுக்குக் கோபி வாய்க்கால் பாசனம். துவரம்பருப்பை வைக்கும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதில் பெரும்பகுதி வெளிமாநிலத்திலிருந்து வருவதுதான் காரணம். மழையை நம்பிய காட்டில் என்ன விளைகிறது, என்ன விளைவதில்லை என்ற பேச்சு அங்கே தானாகத் தொடங்கும்.

எண்ணும் கொஞ்சம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் ஒன்றுக்கும் கீழே. கீரையிலும் தவசத்திலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளப் புளிப்பான பழச்சாறு உதவும், டீ தடுக்கும். ஆகவே கீரைக் கடைசலை இறக்கியபின் எலுமிச்சை பிழிவது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளுவது. இந்த இரண்டையும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னாலே பெரிய காரியம்.

குளிர்பானத்துக்குச் சொற்பொழிவு வேண்டாம், தராசு போதும். பாட்டில் லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று இருக்கும். பல கோலா பானங்களில் அது 10 கிராமுக்கு மேல். 250 மில்லி பாட்டிலுக்கு 25 கிராமைப் பிள்ளையே நிறுத்து ஒரு டம்ளரில் கொட்டட்டும். ஐந்தாறு டீஸ்பூன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

அடுப்பில்லாமல் செய்யும் பாடத்துக்குப் பச்சைப்பயறு. 8 மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, ஈரத்துணியில் ஓர் இரவு. வழவழப்பும் வாடையும் வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டும். வெயில் காலத்தில் முளைப்பயறு சீக்கிரம் கெடும் என்பதால் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல், சத்துணவு அடுப்பில் 10 நிமிடம் ஆவி காட்டித் தருவதே நல்லது.

வெள்ளகோவில் டீச்சர்:

ரொம்ப நன்றிங்க. மூணு சந்தேகம். கீரைக்குப் பஞ்சகவ்யம் தெளிக்கலாமா? கம்பை அறுத்தபிறகு என்ன செய்யறது, கூழ் வரைக்கும் பிள்ளைங்க கையாலேயே முடியுமா? அப்புறம், பிள்ளைங்களுக்கு ஆபத்தா எதைக் கவனிக்கணும்?

களைக்கொத்து:

பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் பூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தெளிக்கலாம். கீரைக்கு இலை மேல வேண்டாமுங்க.

உணவும் பயிரும்:

இதை நானும் அழுத்திச் சொல்கிறேன். சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசலை, அப்படியே பறித்துத் தின்னும் இலையில் தெளிப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சரியல்ல. கீரைக்கு மக்கிய எருவே போதும். பறித்த கீரையை நறுக்கும் முன்பே மூன்று தண்ணீரில் அலச வேண்டும், நறுக்கியபின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும். சமையல் அக்காவிடம் கொடுக்கும்போது பிள்ளைகளே எடை போட்டு நோட்டில் எழுதட்டும். ஒரு சிறுகீரைப் பாத்தியில் 2 முதல் 3 கிலோ வரும். 40 பேருக்கு ஒரு வேளைக் கடைசலுக்கு அது காணும்.

களைக்கொத்து:

கம்பு சுமார் 90 நாள்ல அறுப்புக்கு வரும். காலாண்டு விடுமுறைக்கு முன்னாடி முடிஞ்சுரும். பால் பிடிக்கறப்பவே கிளியும் குருவியும் வரும். கதிருக்குக் கதிர் பழைய துணியைப் பை மாதிரி மாட்டிக் கட்டுங்க. மூணு வரிசையில 120 செடி சொச்சம், கதிருக்கு 20 கிராம் வெச்சா ரெண்டு கிலோவுக்கு மேல தேறும்.

ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சு, சாக்குக்குள்ள போட்டுத் தடியால அடிச்சு, முறத்துல புடைக்கணும். அப்புறம் லேசாத் தண்ணி தெளிச்சு அரைமணி நேரம் ஊறவிட்டு உரல்ல இடிச்சாத்தான் உமி கழலும். தண்ணி கூடிப்போனா மாவாக் குழையும், இல்லாம இடிச்சா உமியே போகாது. கையில பிசைஞ்சா ஒட்டக்கூடாது, ஆனா ஈரம் தெரியணும், அதுதான் பதம். மறுபடி புடைச்சு ஒண்ணுரெண்டா ஒடைச்சுக் காய்ச்சி, ராத்திரி வெச்சிருந்து காலையில மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடுங்க. மாவா அரைச்சு வைக்காதீங்க. கம்புல எண்ணெய்ச்சத்து இருக்கறதால மாவு ஒரு வாரத்துலயே கசக்கும், முதல்தடவை கசந்த கூழ் குடிச்ச பிள்ளை மறுபடி தொடாது.

ஆபத்துக்கு: பார்த்தீனியத்தைப் பிள்ளைங்க வெறுங்கையில பிடுங்கக்கூடாது, தோல் அரிக்கும், மூச்சு எளைக்கும். அதைப் பெரியவங்க கையுறை போட்டுப் பூக்கறதுக்கு முன்னாடியே எடுத்துரணும். உங்க பக்கம் வேலியில கண்வலிக்கிழங்கு தானா ஏறிக் கெடக்கும், மூலனூர்ப் பக்கம் அதையே வெள்ளாமையாவும் வெப்பாங்க. பூ அழகா இருக்கேன்னு விட்டுராதீங்க, கிழங்கும் வெதையும் கொல்லற நஞ்சு. ஆமணக்கு, அரளி, ஊமத்தையும் இருக்கான்னு பாருங்க. பாத்தி வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் பிள்ளைங்களோட வேலியைச் சுத்தி வந்து, தொடக்கூடாத செடி ஒவ்வொண்ணையும் காட்டிட்டு, அப்புறம் வேரோட எடுக்க ஆளு விடுங்க.

கீழ்பவானி:

ஒண்ணு விட்டுப்போச்சு. கை கழுவற தண்ணியைக் கீரைக்கு விடாதீங்க, ஒரு வாய்க்கால் இழுத்து முருங்கைக்கும் வாழைக்கும் திருப்புங்க. வெதைமுருங்கை இப்ப ஊணுனா ரெண்டு மாசத்துல இடுப்பளவு வரும், அப்ப 75 சென்டிமீட்டர்ல நுனியைக் கிள்ளிருங்க. கிள்ளாட்டி ஒத்தைக் குச்சியா மேல போய், காத்துல ஒடையும். கோடை விடுமுறையில பாத்தியெல்லாம் காலியா இருக்கறப்ப மண்ணு மேல கரும்புச்சோகை அரையடி கனத்துக்குப் போட்டு மூடிருங்க, ஜூன்ல வந்து ஒதுக்குனா கீழ மண்ணு பொலபொலன்னு இருக்கும்.