புதுப்பிப்பு: எம்போஸ் லெட்டர்ஹெட் நசுங்கும் பிரச்சினை
புடைப்பு முத்திரை வைத்த எங்கள் ஆபீஸ் லெட்டர்ஹெட் லேசர் பிரிண்டரில் போய் வந்தால் சப்பையாகிவிடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது. டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் உருளைகள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தாளை அழுத்துகின்றன. புடைப்பு எப்படி நிற்கும்?

லேசர் பிரிண்டரின் பின்கதவைத் திறந்து, மேனுவல் ஃபீடில் ஒவ்வொரு தாளாக விட்டுப் பார்த்தோம். தாள் உள்ளே சிக்குவது நின்றது, நசுங்குவது நிற்கவில்லை.

சரி என்று மூலையில் தூசி படிந்து கிடந்த இங்க்ஜெட்டை எடுத்தோம். அதில் சூட்டு உருளையே கிடையாது. முத்திரை அப்படியே எழும்பி நிற்கிறது! மை காயக் கொஞ்சம் விட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், பிசின் தூளை உருக்கி எழுத்தை மேடாக்கிய சாதாரண தெர்மோகிராஃபி தாளை லேசரில் விட்டுவிடாதீர்கள். பிசின் உருகி ஃபியூசரில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் கை எம்போசர் ஒன்று வாங்கி, இனி கடிதம் அச்சான பிறகே முத்திரையை அழுத்தப்போகிறோம்.