புதுப்பிப்பு: தாமிரபரணி தாளில் மின்னுகிறது

திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றின் மினுமினுப்பை நீர்வண்ணத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று முன்பு கேட்டிருந்தேன். வெள்ளை வண்ணத்தைத் தொடாமல் தாளின் வெண்மையையே விட்டுவைக்கச் சொன்னீர்கள். அதுதான் வழி! 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) சொரசொரப்புத் தாளில், ஈரத்தைத் துணியில் ஒற்றியெடுத்த தூரிகையைப் படுக்கவைத்து விரைவாக இழுத்தேன். நீலம் மேடுகளில் மட்டும் ஒட்டியது; பள்ளங்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக மின்னின. பார்க்கப் பார்க்க அப்படியொரு மகிழ்ச்சி.

படித்துறைக் கற்களின் ஈர நிழலுக்கு, அடர்நீலத்தோடு காவி கலந்த சாம்பல்தான் பொருந்துகிறது. குப்பியில் வரும் கறுப்பில் உயிரே இல்லை. படத்தில் மரங்கள் பரவாயில்லாமல் வந்திருக்கின்றன.

அடுத்து கிருஷ்ணாபுரம் கோயில் தூண் சிற்பங்களைப் பென்சிலில் வரையப் போகிறேன். அந்தக் கல்லின் வழவழப்புக்கு 2பி பென்சில் போதுமா, அதைவிட மென்மையும் கறுப்பும் கூடிய 4பி வேண்டுமா? வரைந்து பார்த்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.