ரிஜெக்டட் வந்ததும் புல் செய்யலாமா?

கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வழியாக ஏற்கெனவே புஷ் செய்த, அதாவது சர்வருக்கு அனுப்பிய கமிட்டில் (ஒரு மாற்றப் பதிவில்), புதிதாகச் சேர்த்த வரியில் ஒரு சின்னப் பிழை. அமெண்ட் செய்து (அந்தக் கமிட்டையே திருத்தி) மறுபடி புஷ் செய்தால் ரிஜெக்டட், அடைப்புக்குறிக்குள் 'நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்டு': சர்வரில் இருப்பதன் தொடர்ச்சியாக இது இல்லை. புல் செய்து பார் என்று கிட் தரும் குறிப்பை நம்பி மெர்ஜ் முறையில் புல் செய்யும் (சர்வரில் இருப்பதை இறக்கி நம்முடையதோடு இணைக்கும்) அந்தக் கணம்தான் உறுத்துகிறது. திருத்திய அதே வரியில் கான்ஃப்ளிக்ட்! ஒரே கமிட்டின் பழைய வடிவமும் புதிய வடிவமும் மோதுகின்றன. தீர்த்தாலும் வரலாற்றில் இரண்டும் தங்கிவிடும். அமெண்ட் செய்தால் ஹாஷ், அதாவது கமிட்டின் அடையாளக் குறி, மாறும். சர்வரில் இருக்கும் கமிட் இனி உங்கள் கிளையின் வழியில் இல்லை. கிட் மெர்ஜ் --அபார்ட் கொடுத்து வெளியே வாருங்கள். கிளை உங்களுடையது மட்டும் என்றால் சர்வரில் இருப்பதை மேலெழுதும் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போதும்.

*

ரிஜெக்டட் என்பதோடு 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்று வந்தால் விஷயமே வேறு. உங்களிடம் இல்லாத கமிட் சர்வரில் இருக்கிறது. ஃபெட்ச் (இணைக்காமல் இறக்குவது மட்டும்), பிறகு ரீபேஸ் (உங்கள் கமிட்டை அதன் மேல் மீண்டும் வைப்பது), பிறகு புஷ். அதில் ஒரு இடம் கவனம்: ரீபேஸில் கான்ஃப்ளிக்ட் வந்தால் 'அவர்ஸ்' (நம்முடையது) என்பது சர்வரிலிருந்து வந்தது, 'தெயர்ஸ்' (அவர்களுடையது) என்பதுதான் உங்கள் கமிட். மெர்ஜுக்கு நேர் தலைகீழ். நம்முடையதுதானே என்று அவர்ஸைத் தேர்ந்தெடுத்தால், எழுதியது சத்தமில்லாமல் போய்விடும். போய்விட்டால் ரீஃப்லாகில் (உங்கள் கணினியில் கிளை நகர்ந்த தடங்களைக் கிட் குறித்து வைக்கும் இடம்) தேடுங்கள், பழைய ஹாஷ் அங்கே இருக்கும்.

*

மேலே முதல் குறிப்பை எழுதியவர் '--ஃபோர்ஸ்-வித்-லீஸ் போதும்' என்கிறார். போதாது. சர்வரின் நிலை உங்கள் ஆரிஜின் கிளையோடு (சர்வர் கிளை கடைசியாக எப்படி இருந்தது என்று உங்கள் கணினி வைத்திருக்கும் நகல்) ஒத்துப்போகிறதா என்பதை மட்டும்தான் லீஸ் பார்க்கிறது. எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால் அந்த ஆரிஜின் கிளை நகர்ந்துவிடும்; நீங்கள் கண்ணால் பார்க்காத கமிட்டும் அழிபடும். கிட் 2.30 முதல் --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் இருக்கிறது, லீஸோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் எடிட்டரில் தானியங்கி ஃபெட்சை நிறுத்துங்கள். அல்லது எதிர்பார்க்கும் ஹாஷையே லீஸில் எழுதுங்கள்: கிளையின் பெயர், முக்காற்புள்ளி, ஹாஷ். தட்டச்சு கூடும்தான், ஆனால் பலர் புழங்கும் கிளையில் இதைவிடக் குறைவாக எதையும் நம்பக் கூடாது.

*

புஷ் மறுக்கப்படும் இன்னொரு வகை: 'ப்ரீ-ரிசீவ் ஹுக் டிக்ளைன்டு', அதாவது ஏற்கும் முன் சர்வர் செய்யும் சோதனையில் மறுப்பு. கிட்ஹப்பில் 100 எம்பியைத் தாண்டிய கோப்பு இருந்தால் இது வரும். கோப்பை நீக்கி இன்னொரு கமிட் போட்டாலும் அதே மறுப்புதான், பழைய கமிட்டில் அது இன்னும் இருக்கிறதே. இன்டராக்டிவ் ரீபேஸில் (கமிட் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று நீங்களே சொல்லும் ரீபேஸ்) கோப்பு நுழைந்த கமிட்டுக்கு 'எடிட்' கொடுங்கள், நீக்கும் கமிட்டுக்கு 'டிராப்'. நின்ற இடத்தில் ஆர்எம் --கேச்டு (கோப்பைக் கிட்டின் பதிவிலிருந்து மட்டும் எடுப்பது), அமெண்ட், ரீபேஸ் --கன்டினியூ. புஷ் செய்வதற்கு முன் அந்தக் கோப்பின் பெயரை .கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.